ஷாட்கிரீட் கோர் வலிமை குறைகிறது: உதவி தேவை

மலைப்பாதை: வணக்கம். இமயமலைப் பகுதியில் ரயில் சுரங்கப்பாதை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கிறேன். எம்30 ஷாட்கிரீட்டின் (பாறைமேல் பீய்ச்சியடிக்கும் கான்கிரீட்; கனசதுர வலிமை 30 மெகாபாஸ்கல் இருக்க வேண்டியது) 28 நாள் கோர் (துளையிட்டு எடுத்த உருளைத் துண்டு) சராசரி வலிமை 21 மெகாபாஸ்கல்தான் வருகிறது. அடித்த முதல் மணிநேரத்தில் ஊசியை அழுத்திப் பார்க்கும் சோதனை தேறியிருந்தது. நாளை மறுநாள் அறிக்கை தர வேண்டும். காரணம் என்னவாக இருக்கும்?

கலவைக்கூடம்: கோர் எடுத்தது பேனலிலா (சோதனைக்கெனத் தனியே அடித்த பலகை), சுரங்கச் சுவரிலா? விட்டமும் உயரமும் எவ்வளவு? கலவையை விரைந்து இறுகவைக்கும் ஆக்சிலரேட்டர் எத்தனை விழுக்காடு? இவை தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது.

நாசில்துணை: ஆக்சிலரேட்டரேதான். குளிரில் கலவை இறுகாமல் கூரையிலிருந்து உரிந்து விழும்போது ஆபரேட்டர் அளவைக் கூட்டிவிடுவார்; முதல் சில மணிநேரம் வலிமை வேகமாக ஏறும், ஆனால் 28ஆம் நாளில் அதற்கான விலையைக் கொடுக்க நேரிடும்.

மூத்தவர்: ஊசி முறை 0.2 முதல் 1.2 மெகாபாஸ்கல் வரையிலும், ஆணியடித்து இழுக்கும் முறை 16 வரையிலும் மட்டுமே பொருந்தும் என்பதை ஐரோப்பியத் தரநிலை இ.என். 14488 இரண்டாம் பகுதியை ஒருமுறை படித்தவர்கூட அறிவார். ஊசி தேறியதற்கும் 28 நாள் வலிமைக்கும் தொடர்பில்லை. களத்துக்குப் போகும் முன் தரநிலையைப் படியுங்கள், தம்பி.

மலைப்பாதை: பேனல். விட்டம் 75 மி.மீ., உயரமும் அதுவே. ஆக்சிலரேட்டர் 7%.

கலவைக்கூடம்: 21 என்பது திருத்தாத எண்ணா? இந்தியத் தரநிலை ஐ.எஸ். 516 படி உயரம்-விட்டம் விகிதத்துக்காகச் சற்றுக் குறைத்து, பிறகு 1.25 ஆல் பெருக்கிக் கனசதுர வலிமையாக்க வேண்டும். ஐ.எஸ். 456 கேட்கும், 30இல் 85%, அதாவது 25.5, அப்போதும் எட்டாது. எனவே குறை உண்மையானதே.

நாசில்துணை: பேனலை நம்புவதே தவறு. சுரங்கத்தைத் தாங்குவது சுவர். அங்கேதான் துளையிட வேண்டும்.

மூத்தவர்: மெல்லிய அடுக்கில், கம்பி வலைக்குப் பின்னே கலவை சரியாகப் போய்ச் சேராத இடத்தில் துளையிட்டால் அடித்தவரின் கைத்திறன் தெரியுமே தவிர, கலவையின் தரம் தெரியாது.

நாசில்துணை: அந்தக் கைத்திறன்தானே பாறையைப் பிடித்து நிறுத்துகிறது, ஐயா? அதைச் சோதிக்காமல் எதைச் சோதிப்பது?

கலவைக்கூடம்: இரண்டும் வேண்டியவைதான். முதலில் பேனலை எப்படி வைத்து அடித்தார்கள், ஓரத்திலிருந்து 125 மி.மீ.யாவது தள்ளிக் கோர் எடுத்தார்களா என்று பாருங்கள்.

மலைப்பாதை: பார்த்துவிட்டேன். பேனலைத் தரையில் கிடத்தி அடித்திருக்கிறார்கள். தெறித்த மணல் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிட்டது. உடைந்த ஓரக் கோர் ஒன்றை விரலால் தேய்த்தேன், சிமென்ட் பிடிக்காத திட்டுகள் பொலபொலவென உதிர்ந்தன. செங்குத்தாக வைத்துப் புதிதாக அடிக்கிறோம்; சுவரிலும் மூன்று கோர் எடுக்கிறோம். நன்றி.