புதிய மாஸ்டர் பிளான் வரும்வரை நிலப் பயன்பாட்டு மாற்றத்தை நிறுத்திவைக்கக் கோர முடியுமா? (பெங்களூரு)

வர்த்தூர்வாசி:
வணக்கம். வர்த்தூர் ஏரிக்கு அருகில் 17 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருமுனையில் உள்ள காலி மனை, 2007-இல் ஒப்புதல் பெற்ற, 'மாஸ்டர் பிளான் 2015' என்னும் நகர நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் மஞ்சள் நிறத்தில், அதாவது குடியிருப்புப் பகுதியாகக் காட்டப்பட்டுள்ளது. அதை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற விண்ணப்பம் வந்துள்ளதாகவும், ஆட்சேபணைகளை 15 நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்றும் சென்ற வாரம் கன்னட நாளிதழில் அறிவிப்பு வெளியானது. மனையின் பின்புறத்தை ஒட்டியே ராஜகாலுவே (மழைநீர்க் கால்வாய்) ஓடுகிறது. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் எங்கள் வாசலின் இரண்டாம் படிவரை ஏறுகிறது. வடிந்த பிறகு சுவரில் கறுப்புக் கோடு தங்கிவிடுகிறது.

இரண்டு ஆண்டுகளில் எங்கள் பகுதியில் இது மூன்றாவது விண்ணப்பம். எந்த நிலம் எதற்கு என்று முடிவு செய்வதற்கு முன்பே ஒவ்வொரு மனையாக மாறிக்கொண்டே போனால், புதிய திட்டத்தில் தீர்மானிக்க என்ன மிச்சமிருக்கும்? திட்டம் வரும்வரை மாற்றங்களை நிறுத்திவைக்குமாறு அலுவலகத்தில் கேட்டபோது, அப்படி ஒரு விதியே இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டனர். அடுத்து என்ன செய்வது?

வரைபட மேசை:
ஐயா, நீங்கள் இரண்டு கோரிக்கைகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பகுதி முழுவதற்குமான நிறுத்திவைப்பைக் கோரும் மனு, இந்த ஒரு மனைக்கான 15 நாள் கெடுவை நிறுத்தாது. ஆகவே ஆட்சேபணையைத் தனிக் கடிதமாக உடனே கொடுங்கள்.

கர்நாடக நகர, ஊரமைப்புச் சட்டம் 1961-இன் 14-ஏ பிரிவின்படி, மாற்றம் பொதுநலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும், வேறு சட்டத்துக்கு முரணாக இருக்கக் கூடாது, நாளிதழில் வெளியிட்டு ஆட்சேபணை கேட்கப்பட வேண்டும். இவற்றுக்கு மேல் மாநில அரசின் முன் ஒப்புதலும் வேண்டும். அந்த ஒப்புதலே உங்களுக்கான வாசல். விதி இருக்கிறதா இல்லையா என்று அலுவலகத்தில் வாதாடுவதைவிட, அறிவிப்பில் கையொப்பமிட்டுள்ள அதிகார அமைப்புக்கும் மாநில நகர வளர்ச்சித் துறைக்கும் ஒரே மனுவை அனுப்பி, திட்டம் முடியும்வரை இப்பகுதிக்கு ஒப்புதல் தர வேண்டாம் என்று கேளுங்கள்.

காலுவேயின் வகையையும் நில அளவை வரைபடத்தில் பாருங்கள். மாஸ்டர் பிளான் 2015 முதல்நிலைக் கால்வாய்க்கு 50, இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 மீட்டர் என்று, கட்டடம் கட்டக் கூடாத இடைவெளி விதிக்கிறது. கால்வாயின் நடுக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் இதை அதிகரித்திருந்ததை உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் ரத்து செய்துவிட்டதால், பழைய கட்டுரைகளில் காணும் 75 மீட்டரை ஏரிக்கு எழுதிவிடாதீர்கள்.

அல்சூர்க்காரர்:
மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என் அத்தை மகன் தன் சிறு மனைக்கு மாற்றம் கேட்டுக் காத்திருக்கிறார். "புதிய திட்டம் வரும்வரை" என்ற சொற்றொடர் அவரைப் போன்றவர்களைப் பல ஆண்டுகள் கட்டிப்போட்டுவிடும். 2031-க்கான வரைவு 2017-இல் வெளியாகி, பின்னர் திரும்பப் பெறப்பட்டதை மறக்க வேண்டாம். நிறுத்திவைப்புக்கு முடிவுத் தேதி இல்லையென்றால் நான் அதை எதிர்ப்பேன்.

கலிஃபோர்னியாவில் இதற்கென்றே சட்டம் உண்டு. உள்ளாட்சி மன்றம் ஐந்தில் நான்கு பங்கு வாக்குகளுடன் முதலில் 45 நாட்களுக்குத்தான் தடை விதிக்கலாம். நீட்டிப்புகளையும் சேர்த்து இரண்டு ஆண்டுகளைத் தாண்ட முடியாது. அங்கே நேவாடா எல்லையிலுள்ள டாஹோ ஏரிப் பகுதியில் விதிக்கப்பட்ட 32 மாதத் தடையை, அது தடை என்ற ஒரே காரணத்தால் இழப்பீடு தர வேண்டிய நிலப் பறிப்பாகக் கொள்ள முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. ஏரித் தண்ணீர் கெடுவதே அந்தத் தடைக்குக் காரணம். உங்கள் காரணமும் அதைப் போலத் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

வர்த்தூர்வாசி:
இருவருக்கும் நன்றி. அண்ணா சொன்ன முடிவுத் தேதியை ஏற்கிறேன். மனுவில் "ஆறு மாதங்கள், ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு மட்டும், வணிக மாற்றங்களுக்கு மட்டும்" என்று திருத்திவிட்டேன். காலுவே இரண்டாம் நிலை என்று வரைபடத்தில் உள்ளது. நாடா பிடித்து அளந்ததில், நடுக்கோட்டிலிருந்து மனையின் வேலிவரை 19 மீட்டர்தான். ஆனால் மனை முழுவதும் அந்த இடைவெளிக்குள் வரவில்லையே, இது போதுமா?

வரைபட மேசை:
மாற்றத்தையே தடுக்க அது மட்டும் போதாது. 25 மீட்டரில் 19 போக, வேலியை ஒட்டிய 6 மீட்டரில் கட்டக் கூடாது என்று கேட்கப் போதும். அளந்த கோட்டை வரைந்து, சுவரின் கறுப்புக் கோட்டைப் படமெடுத்து, இரண்டையும் ஆட்சேபணையுடன் இணைத்து நேரில் கொடுங்கள். நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.