அழகெழுத்து எழுத்துரு பெயர்களுக்கு மட்டும்தானா, முழு அழைப்பிதழுக்குமா?

தூரிகை:
அழைப்பிதழில் பெயர்களை மட்டும் அழகெழுத்தில் வைத்து, மற்ற வரிகளைச் சாதாரண எழுத்துருவில் அமைக்க வேண்டும் என்பதைப் பலரும் விதியாகவே சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 1998-இல் வெளிவந்த ஸாப்ஃபினோ என்னும் அழகெழுத்து எழுத்துருவுக்கு, அதன் வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப் 1944-இல் தம் கைப்பட எழுதிய ஒரு பக்கமே வித்து. பக்கமாகப் பிறந்த எழுத்தை ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்தால், அது தாளோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது.

அச்சுமை:
நண்பரே, பிறப்பு வேறு, பயன்பாடு வேறு. ஸாப்ஃபினோவின் எழுத்துகளில் மேலும் கீழும் நீளும் கோடுகள் மிக நீளமானவை என்பதால், வரி இடைவெளியைத் தாராளமாக விடாவிட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் மோதும். தாராளமாக விட்டாலோ, நான்கு வரி முகவரியே அழைப்பிதழின் பாதியைத் தின்றுவிடும். அண்மையில் ஒரு சான்றிதழ் என் கைக்கு வந்தது. கருநீலப் பின்புலத்தில் வெள்ளை அழகெழுத்து, அதுவும் சிறிய அளவில். மயிரிழைக் கோடுகளுக்குள் மை பரவி, இணைப்புகள் பாதி மறைந்து, பெற்றவரின் பெயரே துண்டு துண்டாகத் தெரிந்தது. ஓராண்டு உழைத்துப் பெற்ற சான்றிதழில் பெயரைத் தடவித் தேட வேண்டியிருந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

தூரிகை:
அது அச்சின் பிழை, எழுத்துருவின் பிழையன்று.

கோட்டோவியம்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டைக்குள் அடங்க வேண்டியிருந்ததால், சாய்ந்து இணையும் எழுத்துகளை வார்ப்பது பெரும்பாடு. எழுத்துகளை ஒளியால் படச்சுருளில் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு வந்த பிறகு, 1960-களில் எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்னும் அழகெழுத்து எழுத்துருவை வரைந்தபோது அந்தத் தடை நீங்கியது. எழுத்தோடு எழுத்து இணைவதுதான் அழகெழுத்தின் உயிர். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவோரும், சொல் முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அமைப்போரும் அந்த உயிரையே அறுக்கிறார்கள்.

அச்சுமை:
முழுமையாக ஏற்கிறேன். அந்தச் சான்றிதழிலும் பெயர் பெரிய எழுத்துகளில்தான் இருந்தது.

தூரிகை:
பெரிய எழுத்துகளைப் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒவ்வொன்றும் சொல்லின் முதலில் நின்று வளைவதற்காகவே வரையப்பட்டது. ஆனால் ஓபன்டைப் என்னும் எழுத்துருக் கோப்பு வகை தரும் மாற்று வடிவங்களை இயக்கி, ஒரே சொல்லில் ஒரே எழுத்து அடுத்தடுத்து இருமுறை வரும்போது வெவ்வேறு உருவம் கொடுத்து, வெள்ளைத் தாளில் கருமையாக அச்சிட்டால், ஆறேழு வரிகள் நிச்சயம் தாங்கும். முகவரியையும் நேரத்தையும் வேண்டுமானால் உங்களுக்கு விட்டுத் தருகிறேன். அவற்றைத் தேடிப் படிப்பவருக்கு அவசரம் இருக்கும். வரவேற்பு வாசகத்தை விட்டுத் தர மாட்டேன்.

அச்சுமை:
அப்படியானால் அதே வாசகத்தை மெய்யான அளவில் தாளில் அச்சிட்டு, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம்.