புதுப்பிப்பு: வேரோடு கழன்ற முன்பல் மீண்டும் நின்றுவிட்டது

மூன்று வாரங்களுக்கு முன், கோண்டாவிலில் சைக்கிளிலிருந்து விழுந்து என் 14 வயது மகனின் முன்பல் வேரோடு கழன்றபோது என்ன செய்வதென்று இங்கே பதறிக் கேட்டிருந்தேன். உடனே பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது “வேரைத் தொடாமல் பாலில் போடுங்கள்” என்ற யோசனைதான். ஒட்டியிருந்த செம்மண்ணை அம்மா சேலைத் தலைப்பால் தேய்க்கப் போனார், தடுத்துவிட்டேன். வெண்மையான பக்கத்தைப் பிடித்துத் தண்ணீரில் ஒருமுறை அலசினேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பால்மாதான் இருந்தது. பக்கத்து வீட்டு மாமி கறந்த பசும்பாலைத் தேநீர்க் கோப்பையில் நீட்டினார். 40 நிமிடங்களில் பல் வைத்தியர் பல்லைப் பொருத்தி, அயற்பற்களோடு கம்பியால் பிணைத்தார். இரண்டு வாரத்தில் கம்பியைக் கழற்றிவிட்டார்.

எதிர்பாராதது: பல் நின்றாலும் உள்ளே நரம்பு பிழைக்காதாம், வேர்ச் சிகிச்சை நடக்கிறது. ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் போட்டார்கள். பாற்பல் விழுந்தால் இப்படித் திரும்பப் பொருத்தக் கூடாது என்றும் வைத்தியர் சொன்னார்.