வீட்டுக்குள் ஓட்ட ஆர்சி ஹெலிகாப்டர்: எந்த வகை, எப்படி ஆரம்பிப்பது?

மொட்டைமாடி:
வணக்கம். ஹாலுக்குள் மட்டும் ஓட்டுகிற மாதிரி ஒரு சின்ன ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும்) ஹெலிகாப்டர் வாங்கும் எண்ணம். ஹால் 12க்கு 15 அடி. ஒரு ஓரம் சோபா, மேலே ஃபேன். ட்ரோன் ஓட்டத் தெரியும், ஹெலி புதிது. 3 சேனல் (ரிமோட்டில் தனித்தனியாக இயக்கும் அசைவு மூன்று) வாங்குவதா, 4 சேனலா? இரட்டை ரோட்டர் (சுழலும் இறக்கை) வைத்ததெல்லாம் வெறும் பொம்மை, அதில் பழகினால் பிறகு உதவாது என்கிறார்களே, எந்த அளவு சரி? முதல் நாள் எதிலிருந்து தொடங்குவது? கூடவே என்னென்ன உதிரி வாங்கி வைக்க வேண்டும்?

பல்சக்கரம்:
அந்த ஹால் தாராளமாகப் போதும். ஃபேனை நிறுத்துங்கள், ஏசியையும் அணையுங்கள். 30, 40 கிராம் எடையுள்ள ஹெலியை அந்தக் காற்றே அடித்துக்கொண்டு போய்விடும்.

3 சேனல் என்றால் மேலே கீழே, முன்னே பின்னே, மூக்கைத் திருப்புவது. அவ்வளவுதான். சைமா எஸ்107 இந்த வகை. மேல் ரோட்டரும் கீழ் ரோட்டரும் எதிரெதிராகச் சுற்றுவதால் உடம்பு சுழலாமல் நிற்கிறது. ஒன்றின் வேகத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் மூக்கு திரும்பும். வாலில் படுக்கையாக இருக்கும் குட்டி விசிறி வாலைத் தூக்கினால் முன்னே போகும், அமுக்கினால் பின்னே வரும். பக்கவாட்டில் நகர்த்த வழியே கிடையாது. சுவர்ப் பக்கம் மிதந்து போனால் மூக்கைத் திருப்பி, பிறகு முன்னே தள்ளித்தான் விலக்க வேண்டும். அதற்குள் சுவர் வந்துவிடும். போதாததற்கு எஸ்107 இன்ஃப்ராரெட்டில் ஓடுவது. ஜன்னல் வழியே வெயில் விழும் இடத்தில் சிக்னல் அறுந்து தொப்பென்று விழும்.

பொம்மை என்று ஒதுக்குவதும் சரியில்லை. த்ராட்டிலை (ஏற்றி இறக்கும் குச்சியை) மயிரிழையாக நகர்த்தும் பழக்கம் அதிலேயே வந்துவிடும். வராதது, ஹெலியை முன்னே பின்னே, பக்கவாட்டில் சாய்க்கும் வலது குச்சியை ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கும் பழக்கம். ஹெலி ஓட்டுவதில் முக்கால்வாசி அதுதான்.

ஆகவே பக்கவாட்டிலும் நகரும் 4 சேனல், ஒற்றை ரோட்டர், ஃபிக்ஸட் பிட்ச், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட். டபிள்யூஎல் டாய்ஸ் வி911 மாதிரியான அளவு. இதில் பிளேடின் கோணம் மாறாது, சுழலும் வேகம் கூடினால்தான் ஏறும். அதனால் த்ராட்டிலை நகர்த்தினாலும் ஹெலி ஒரு கணம் தாமதமாகவே கேட்கும். பிளேடின் கோணத்தை மாற்றி ஏறி இறங்கும் கலெக்டிவ் பிட்ச் பக்கம் இப்போது போகாதீர்கள். அதில் ரோட்டர் எப்போதும் முழு வேகத்தில் சுற்றும், கை பிசகினால் சோபாவுக்கும் சேதம், விரலுக்கும் சேதம்.

வால்விசிறி:
மேலே சொன்னதோட ஒத்துப்போறேன். ஒண்ணு மட்டும் சேர்க்கணும். இப்போ உயரத்தைத் தானே பிடிச்சு நிக்கிற ஹெலிகளும் கிடைக்குது. ட்ரோன் ஓட்டினவங்களுக்கு அது சுலபமாத் தெரியும். ஆனா அது காத்தழுத்தத்தை அளந்துதான் உயரத்தைக் கணக்குப் போடுது. யாராவது கதவைப் படார்னு சாத்தினா ஹெலி ஒரு குதி குதிக்கும். அதோட த்ராட்டில் கை பழகவே பழகாது. அடுத்த ஹெலி வாங்கும்போது மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கணும். பழகறதுக்கு அது வேண்டாம்ங்கறது என் கருத்து.

முதல் பேட்டரி போடும்போது வரிசை முக்கியம். த்ராட்டில் குச்சி அடியில இருக்கணும், முதல்ல ரிமோட் ஆன், அப்புறம் ஹெலியில பேட்டரி. மாட்டின உடனே சமதளத்துல வெச்சுட்டு கையை எடுத்துடுங்க. விளக்கு சிமிட்டி நிக்கிற வரைக்கும் தொடக்கூடாது. அந்தச் சில நொடியிலதான் ஜைரோ (சாய்வையும் திருப்பத்தையும் உணர்ற சென்சார்) "இதுதான் நேர்"னு பதிஞ்சுக்குது. கையில பிடிச்சுக்கிட்டே மாட்டினா கோணலைத்தான் நேர்னு நினைச்சுக்கும், அப்புறம் எவ்வளவு ட்ரிம் (ரிமோட்ல நேர் நிலையைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருத்தற பொத்தான்) வெச்சாலும் ஒரு பக்கமாவே ஓடும். நிறுத்தும்போது தலைகீழ்: முதல்ல ஹெலி பேட்டரி, அப்புறம் ரிமோட்.

ஹால் நடுவுல வெச்சு, வால் உங்களைப் பார்க்கிற மாதிரி, ஆறேழு அடி பின்னாடி நில்லுங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் மெதுவா மெதுவா கிளப்பப் பார்க்கிறாங்க, அங்கேதான் தப்பு. தரையிலிருந்து சுமார் ஒரு ரோட்டர் அகலம் வரைக்கும் ரோட்டர் தள்ளுற காத்து தரையில மோதித் திரும்பி ஹெலியை அலைக்கழிக்கும். ஒரு சாண் உயரத்துல வழுக்கிக்கிட்டே திரியும், அதைத் திருத்தப் போய்த்தான் கவிழ்க்கிறாங்க. தயங்காம கிளப்பி இரண்டு, இரண்டரை அடிக்குப் போயிடுங்க. அங்கே காத்து சுத்தம்.

சுவருக்கு மூணு அடிக்குள்ள போகாதீங்க. கீழே தள்ளின காத்து சுவரோரமா மேலேறி மறுபடி ரோட்டருக்குள்ளேயே வரும். அந்தப் பக்கம் தூக்குவிசை குறைஞ்சு ஹெலி சுவரைப் பார்த்துச் சாயும். சீலிங் கிட்டப் போனா மேலே இழுத்து ஒட்டிக்கும்.

எல்லாத்தையும்விட முக்கியம்: எதுல இடிக்கப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே த்ராட்டிலை முழுசா அடிக்கு இழுத்துடுங்க. உயிர் குடுத்து காப்பாத்தப் பார்க்காதீங்க. இவ்வளவு லேசான ஹெலி மோட்டார் நின்னு விழுந்தா அனேகமா ஒண்ணும் ஆகாது. சுத்திக்கிட்டே இடிச்சாத்தான் பிளேடு, பல்சக்கரம், மோட்டார்னு வரிசையாப் போகும்.

பல்சக்கரம்:
ட்ரிம் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை ரோட்டர் ஹெலி நேராக நிற்காமல் பக்கவாட்டில் நழுவுவது கோளாறு இல்லை. மேலிருந்து பார்க்க ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றினால் உடம்பு இடஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க வால் ரோட்டர் வாலை இடப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் ஹெலி முழுவதுமே இடப்பக்கம் நகரும். எனவே பக்கவாட்டு ட்ரிமை வலப்பக்கம் இரண்டு மூன்று கிளிக் வைத்து, ஓர் இழை வலப்பக்கம் சாய்ந்தபடி நிறுத்துவதுதான் முறை. ட்ரிம் பார்ப்பதும் இரண்டடிக்கு மேலே நிற்கும்போதுதான். தரையோரம் பார்த்தால் தப்பான கணக்கு வரும்.

பயிற்சி வரிசை: வால் உங்களைப் பார்க்க ஒரே இடத்தில் அரை நிமிடம் நிறுத்துவது. தரையில் ஏ4 தாள் ஒன்றை ஒட்டி, அதன் மேலேயே இறக்கிப் பழகுங்கள். அது கைவந்த பிறகு மூக்கை 45 பாகை இடம், வலம். பிறகு முழுப் பக்கவாட்டு. மூக்கு உங்களைப் பார்க்க நிறுத்துவது கடைசியில். அதில் இடமும் வலமும் மாறிவிடும். மூளையைக் குழப்பிக்கொள்ளாமல் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஹெலி எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதே பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், முட்டுக்கொடுத்து நிமிர்த்துவது போல.

உதிரி: மெயின் பிளேடு இரண்டு ஜோடி, வால் ரோட்டர் இரண்டு, மெயின் பல்சக்கரம் ஒன்று, பேட்டரி மூன்று. ஒரு சின்ன நட்சத்திர ஸ்க்ரூடிரைவர். பேட்டரி 3.7 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்). 150 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 0.15 ஆம்பியர் சார்ஜ் பாதுகாப்பானது. பறந்து இறங்கியதும் சூடாக இருக்கும், ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். தூக்கும் சக்தி குறைவது தெரிந்ததுமே இறக்கிவிட வேண்டும், 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி பாழ். உப்பிவிட்டால் தூக்கிப் போடுங்கள், பேச்சே வேண்டாம். மோட்டாருக்கும் ஒவ்வொரு பேட்டரிக்கு நடுவில் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள், பிரஷ் வைத்த மோட்டார் சூட்டில்தான் சாகும்.

மொட்டைமாடி:
மிக்க நன்றி. 4 சேனல் வந்து சேர்ந்தது, வால் என்னைப் பார்க்க ஓரளவு நிறுத்த முடிகிறது. இப்போது புதுச் சிக்கல். கிளம்பியதும் மூக்கு இடப்பக்கம் மெல்லச் சுற்றுகிறது. மூக்கைத் திருப்பும் ட்ரிமை வலப்பக்கம் கடைசி வரை போட்டாயிற்று, நிற்கவில்லை. முதலில் இப்படி இல்லை. கூடவே ஒரு நடுக்கமும் இருக்கிறது. வால் மோட்டார் போய்விட்டதா?

வால்விசிறி:
மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி வால் ரோட்டரைக் கழட்டிப் பாருங்க. அதுக்கும் மோட்டாருக்கும் நடுவுல தலைமுடியோ, தரைவிரிப்பு நூலோ சுத்தியிருக்கும். பத்துல எட்டு இதுதான். நுனி கூரான இடுக்கியால பிடிச்சு, சுத்தினதுக்கு எதிர்ப்பக்கமாப் பிரிச்சு எடுங்க. கத்தி வெச்சு அறுத்தா தண்டுல கீறல் விழும். அப்புறம் ரோட்டரை விரலால தட்டிவிட்டா தங்குதடையில்லாமச் சுத்தணும். ரொம்ப உள்ளே அழுத்தி மாட்டியிருந்தாலும் மோட்டார் உடம்புல உரசும், ஒரு காகிதக் கனம் இடைவெளி விடுங்க. இதெல்லாம் சரியா இருந்தும் சுத்துதுன்னா வால் மோட்டாருக்குப் போற மெல்லிசு கம்பி பத்தவெச்ச இடத்துல விட்டிருக்கா பாருங்க. கடைசியாத்தான் மோட்டார்.

பல்சக்கரம்:
நடுக்கம் தனிக் கதை. பிளேடு மாட்டும் திருகை இறுக்கிவிட்டீர்களா? ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்து லேசாக உலுக்கினால் பிளேடு தானே மடிய வேண்டும். இறுகியிருந்தால் சுற்றும்போது நேர்க்கோட்டுக்கு வராது, உடம்பு முழுக்க நடுங்கும். கால் சுற்று தளர்த்துங்கள். அடுத்து பிளேடின் நுனி. நகத்தால் வருடினால் தட்டுப்படும் அளவு கீறல் இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் எடை சமமாகாது. அதன் பிறகும் நடுங்கினால் மெயின் தண்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் உருளும்போது அடியில் வெளிச்சம் தெரியும்.

வாலைச் சரிசெய்த பிறகு, போட்ட ட்ரிமை நடுவுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்த தடவை கிளம்பியதும் வலப்பக்கம் சுழன்றுகொண்டு சோபாவுக்குள் போய்ச் சேரும்.