நானியின் எண்பதும் ஷப்னத்தின் படமும்

கராச்சி பாபி: வெள்ளிக்கிழமை நம் நானிக்கு (அம்மாவழிப் பாட்டிக்கு) 80 வயது நிறைகிறது. இரவு உணவுக்குப் பின் மொட்டை மாடியில் பாகிஸ்தானின் பழைய கதாநாயகி ஷப்னம் நடித்த படம் ஒன்றைப் போடலாம் என்று பேசியிருந்தோம். எந்தப் படம் என்பதை இந்தக் குடும்பக் குழுவில் இன்றே சொல்லிவிடுங்கள்.

பெரிய மாமு: இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ‘ஆயினா’தான். 1977 மார்ச்சில் வெளியாகிக் கராச்சியில் 401 வாரங்கள் ஓடிய படத்தை விட்டுவிட்டு வேறு எதைப் போடுவது? நஸ்ருல் இஸ்லாம் இயக்கினார், ராபின் கோஷ் இசையமைத்தார், நதீம் கதாநாயகனாக நடித்தார். இவர்கள் அனைவரும் டாக்காவில் தொழில் பழகிவிட்டு இங்கு வந்தவர்கள் என்பதையும், லாகூர்க்காரர்கள் தங்களுடையது என்று மார்தட்டிக்கொள்ளும் அந்தப் படத்தின் உயிர் டாக்காவிலிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

லாகூர் மாமு: தொடங்கிவிட்டார்.

டாக்கா காலா (நானியின் தங்கை): அவருடைய பெயர் ஜர்னா பசாக். ஷப்னம் என்பது திரைக்காக வைத்த பெயர். அருவி என்று பெற்றோர் பெயரிட்ட பெண்ணைப் படக்காரர்கள் பனித்துளி ஆக்கிவிட்டார்கள்.

பெரிய மாமு: காலா, அதை நான் மறுக்கவில்லை. 1962இல் எஹ்தேஷாம் எடுத்த ‘சந்தா’, அடுத்த ஆண்டு வந்த ‘தலாஷ்’ ஆகிய இரண்டும் டாக்காவில் தயாரான உருதுப் படங்கள் என்பதும், அவற்றில் ரஹ்மானுடன் நடித்துத்தான் அவர் இந்தப் பக்கத்து மக்களுக்கு அறிமுகமானார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 1968இல் அவர் கராச்சிக்கு வந்து வஹீத் முராதுடன் ‘சமுந்தர்’ படத்தில் நடித்தார். அதற்குப் பிறகு ‘தோஸ்தி’, ‘தில்லகி’, ‘அனாரி’, ‘பந்திஷ்’ என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே கோலோச்சினார். பத்துக்கும் மேற்பட்ட நிகார் திரைப்பட விருதுகளைக் கொடுத்ததும் இந்த ஊர்தான்.

டாக்கா காலா: கோலோச்சியவர் கடைசியில் எந்த ஊருக்குத் திரும்பி வந்தார் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்.

லாகூர் மாமு: கிழக்குப் பாகிஸ்தான் வங்காளதேசமாகப் பிரிந்த 71ஆம் ஆண்டுப் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம்.

டாக்கா காலா: நான் எடுக்கவில்லை. என் தையல் மெஷினைக் கொண்டுபோனவர்கள் எடுக்கட்டும்.

கராச்சி பாபி: படத்தை மட்டும் பேசுவோமே.

டாக்கா காலா: என் யோசனை ‘அம்மாஜான்’. டாக்கா திரும்பிய பின் 1999இல் காஜி ஹயாத் இயக்கத்தில் அவர் நடித்த வங்காளப் படம். தலைப்பே அவருடைய பாத்திரம்தான். அக்காவுக்குக் கோபம் வந்தால் இன்றும் வங்காளம்தான் வாயில் வருகிறது, ஆகவே மொழி ஒரு தடை இல்லை.

கராச்சி பாபி: மகன் கொலைமேல் கொலை செய்யும் படத்தைப் பிறந்தநாளில் போட முடியாது, காலா.

குட்டி பாய்: இவரை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். 2018இல் ‘மோகினி மேன்ஷன் கி சிண்ட்ரெலாயேன்’ என்ற தொடரில் வந்தவர்தானே?

பெரிய மாமு: அவரேதான். அவ்வளவு ஆண்டுகள் கழித்தும் இங்கே அழைத்து நடிக்க வைத்தார்கள் என்றால் அவருடைய மதிப்பைப் புரிந்துகொள். இன்னொன்றையும் கேள். அவர் இந்து, 1964இல் அவர் மணந்த ராபின் கோஷ் பாக்தாதில் பிறந்த கிறித்தவர். அந்த இருவரையும் இந்த நாடு தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ‘ஆயினா’வில் அவர் வாயசைத்த பாடல்களுக்குக் கணவரே இசையமைத்தார் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் காட்சிகள் வேறு விதமாகத் தெரியும். 2012இல் இருவரும் சேர்ந்து இங்கு வந்தபோது அரசே கௌரவித்தது. 2016 பிப்ரவரியில் ராபின் கோஷ் டாக்காவில் காலமானார்.

லாகூர் மாமு: நாடு கொண்டாடியது. நம் வீட்டில் பஞ்சாபி மாப்பிள்ளை என்றதற்கே ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள்.

சின்ன காலா: ஆறு மாதம் இல்லை, ஒன்றரை வருடம். பேசாமல் இருந்தவரே மேலே நீளமாக எழுதியிருக்கிறார்.

பெரிய மாமு: அது வேறு விஷயம்.

சின்ன காலா: ‘ஆயினா’வில் பணக்கார மாமனார் செய்வதும் அதுதான். எனக்கு அந்தப் படம் வேண்டாம்.

கராச்சி பாபி: நான் நானியிடமே கேட்டுவிட்டேன். ‘சந்தா’ போடச் சொல்கிறார். புதுப்பெண்ணாக டாக்காவில் பார்க்கப் போனபோது கூட வந்த பிள்ளை அழுததால் பாதியில் எழுந்து வந்துவிட்டாராம். முடிவு இன்றுவரை தெரியாதாம்.

பெரிய மாமு: அழுதது நானில்லை. நான் பிறந்தது 1963இல்.

டாக்கா காலா: நான்தான் அழுதேன். எனக்குப் பத்து வயது, வயிற்றுவலி. அக்கா அதை என்னிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

லாகூர் மாமு: தையல் மெஷினுக்கும் அதற்கும் சரியாகிவிட்டது.

டாக்கா காலா: சரியாகவில்லை. ஆனால் ‘சந்தா’வுக்கு நல்ல பிரதி கிடைக்குமா என்று இங்கே தேடிப் பார்க்கிறேன்.

பெரிய மாமு: கிடைக்காவிட்டால் ‘ஆயினா’.

சின்ன காலா: கிடைக்காவிட்டால் அப்போது பேசலாம்.

கராச்சி பாபி: புரொஜெக்டர்காரர் அட்வான்ஸ் கேட்கிறார். அதையாவது யார் கொடுப்பது என்று சொல்லுங்கள்.