செயின் ஒரு இடத்துல டைட், ஒரு இடத்துல லூஸ்: வீட்டுலயே செட் மாத்தலாமா?

கரட்டுமேடு (மாரண்டஅள்ளி)

வணக்கம். வண்டி 125 சிசி, பின்னால ட்ரம் பிரேக், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இல்லாத 428 அளவு செயின், மேல கவர் மட்டும். செட் (செயின், முன்ன பின்ன ரெண்டு ஸ்ப்ராக்கெட், அதாவது பல்சக்கரம்) மாத்தி 19,000 கி.மீ. ஆச்சு. தினமும் மாரண்டஅள்ளி – பாலக்கோடு, அதுல 4 கி.மீ. குவாரி லாரி ஓடுற மண் ரோடு. வாரத்துல ரெண்டு நாள் பின்னால தக்காளிப் பெட்டி ஏறும்.

பின் சக்கரத்தைச் சுத்தினா செயின் ஒரு இடத்துல 15 மி.மீ. ஆடுது, இன்னொரு இடத்துல 40. லூஸான இடத்தை வச்சு டைட் பண்ணா கரகரன்னு சத்தம். செயினே போச்சா, இல்ல ஸ்ப்ராக்கெட்டா? எப்படிக் கண்டுபிடிக்கிறது? வீட்டுல மாத்தினா எதுல ஜாக்கிரதையா இருக்கணும்? பல் எண்ணினேன்: முன்ன 14, பின்ன 42. மைலேஜுக்காக முன்ன 15 போடலாமா?

மாந்தோப்பு

முதல்ல, லூஸான இடத்தை வச்சு டைட் பண்றதை விடுங்க. எப்பவும் டைட்டான இடத்துலதான் அளக்கணும். கீழ்ப்பக்கச் செயினோட நடுவுல 20–30 மி.மீ. ஆட்டம் இருக்கணும். பெட்டி ஏறி ஷாக் அமுங்கும்போது ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில தூரம் கூடும். அந்த நேரம் செயின்ல ஆட்டம் இல்லன்னா மொத்த இழுப்பும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங் மேலயும் சக்கரப் பேரிங் மேலயும் விழும். நீங்க கேக்குற கரகர சத்தம் அதுதான்.

எதுல குறைன்னு தெரிய ஒரு சாக்பீஸ் போதும். வண்டியை நடு ஸ்டாண்ட்ல போட்டு, இன்ஜினை நிறுத்தி நியூட்ரல்ல வைங்க. டயர்ல ஒரு கோடு, செயின்ல ஒரு கோடு. கையால மெதுவா சுத்துங்க. டயர் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடத்துல டைட் ஆனா பின் ஸ்ப்ராக்கெட் கோணல், இல்லன்னா சக்கரப் பேரிங்ல ஆட்டம். செயின் கோடு அதே இடத்துக்கு வரும்போது மட்டும் டைட் ஆனா செயின்தான் ஏத்த இறக்கமா நீண்டிருக்கு. 118 லிங்க் செயினை 42-ஆல வகுத்தா ஏறக்குறைய 2.8, அதாவது சக்கரம் 2.8 சுத்து சுத்தினா செயின் ஒரு முழு சுத்து வரும்.

அடுத்து டேப்பால அளங்க. 428 செயின்ல ஒரு பிட்ச், அதாவது லிங்க்கைக் கோர்க்கிற ஒரு பின்னுல இருந்து அடுத்த பின் வரைக்கும் தூரம், 12.7 மி.மீ. செயினை விறைப்பா இழுத்துப் பிடிச்சு, முதல் பின்னோட இடது ஓரத்துல இருந்து 21-வது பின்னோட இடது ஓரம் வரைக்கும் பாருங்க. புதுசுல 254 மி.மீ. இருக்கும். 256.5 தாண்டினா ஒரு சதவீதம் நீண்டாச்சு, மாத்துற நேரம் நெருங்குது. 259 வந்துட்டா யோசிக்க வேண்டாம். மூணு இடத்துல அளங்க, ஒரு இடத்து அளவை நம்பாதீங்க.

உங்க ரோட்டுப் புழுதியில கிரானைட் தூள் இருக்கு, அதுல குவார்ட்ஸ். கடினத்தைச் சொல்ற மோஸ் அளவுல 7, எஃகைத் தேய்க்க அது தாராளம். வெளியில கிரீஸ் அப்பினா அந்தத் தூளைப் பிடிச்சு வச்சு அரைக்கும். கழிவு ஆயிலும் வேண்டாம், அதுல ஏற்கெனவே இரும்புப்பொடி இருக்கு. டீசல்ல பிரஷ் நனைச்சுத் தேய்ச்சு, துணியால துடைச்சுக் காய விடுங்க. 90 கியர் ஆயிலை கீழ்ச்செயினோட உள்பக்கம், ரோலருக்கும் தகட்டுக்கும் நடுவுல சொட்டுச் சொட்டா விடுங்க. ராத்திரி முழுக்க ஊறணும், காலையில மிச்சத்தைத் துடைச்சிடணும். 300 கி.மீ.-க்கு ஒருக்கா செஞ்சா உங்க ரோட்டுக்குச் சரி. இன்ஜினை கியர்ல ஓட விட்டுச் செயின் துடைக்கவே கூடாது. துணி சிக்கினா விரலையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும்.

ஸ்பேனர் 1012 (கிருஷ்ணகிரி)

செயின் போச்சுன்னா மூணையும் சேர்த்துத்தான் மாத்தணும் தம்பி. கொக்கி மாதிரி வளைஞ்ச பழைய பல் மேல புதுச் செயினை ஓட விட்டா சீக்கிரமே நீண்டிடும்.

செயினைக் கழட்டுறதுக்கு முன்னாடியே முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்டை லூஸ் பண்ணுங்க. கியர்ல போட்டு, ஒரு ஆள் பின் பிரேக்கை அழுத்திக்கிட்டா ஷாஃப்ட் சுத்தாது. செயினைக் கழட்டின பிறகு பிரேக் பிடிச்சும் பிரயோஜனம் இல்ல. பின் சக்கரத்தை எடுக்கும்போது டேம்பர் ரப்பரையும் (ஸ்ப்ராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல குலுக்கலைத் தாங்குற ரப்பர்) பாருங்க. ஸ்ப்ராக்கெட்டைக் கையால முன்னும் பின்னும் ஆட்டினா தளதளன்னு ஆடுதுன்னா ரப்பரையும் மாத்திடுங்க.

செயினோட ரெண்டு முனையையும் சேர்க்கிற லிங்க்கைப் பூட்டுற லாக் கிளிப்பைப் பார்த்தா மீன் மாதிரி இருக்கும். மீனோட தலை செயின் ஓடுற திசையைப் பார்க்கணும், பிளந்த வால் பின்னால. மேல்செயின்ல மாட்டினா தலை முன்சக்கரப் பக்கம். திருப்பி மாட்டினா எதுலயாவது உரசும்போது கிளிப் கழண்டுடும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீங்க.

ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் (ஆக்ஸிலை, அதாவது சக்கர அச்சை நகர்த்துற திருகு) ஒரே அளவு திருப்புங்க. ஸ்விங் ஆர்ம்ல (பின் சக்கரத்தைத் தாங்குற கை) இருக்கிற கோட்டை மட்டும் நம்பாம, ஸ்விங் ஆர்ம் போல்ட் நடுவுல இருந்து ஆக்ஸில் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் நூல் பிடிச்சு அளங்க. ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது சக்கரம் நகராம இருக்க, பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவுல துணியைச் சுருட்டி வச்சு சக்கரத்தைப் பின்பக்கமாச் சுத்தி அழுத்திப் பிடிங்க. ஆக்ஸில் அட்ஜஸ்டர்ல ஒட்டி நிக்கும். இறுக்கின பிறகு இன்னொரு தடவை ஆட்டம் பாருங்க, மாறியிருக்கும்.

பலரும் விடுறது பிரேக் ராடு. புதுச் செயின் குட்டை, அதனால ஆக்ஸில் முன்னால வரும், பெடல் லூஸ் ஆகும். அப்புறம் நாளாக ஆக செயின் நீளும், நீங்க ஆக்ஸிலைப் பின்னால தள்ளுவீங்க, அப்போ ராடு விறைச்சு ஷூ ட்ரம்மோட உரசிக்கிட்டே ஓடும். அந்த நிலையில தொப்பூர் கணவாய்ல சேலம் பக்கம் இறங்கினா ட்ரம் சூடேறி, பிடிக்க வேண்டிய நேரத்துல பிரேக் பிடிக்காது. ஒவ்வொரு தடவை செயின் சரிபண்ணினதும் பெடல் ஆட்டம் (ஃப்ரீ ப்ளே) 20–30 மி.மீ., பிரேக் லைட் ரெண்டையும் பாருங்க. பிரேக் பிளேட்டைச் சுத்தாம பிடிச்சு வைக்கிற டார்க் ஆர்ம் போல்ட்டைக் கழட்டியிருந்தா புது ஸ்ப்ளிட் பின் போடுங்க. அது கழண்டா பிரேக் பிளேட்டே சுத்திடும்.

அஞ்சாவது கியர்

15 பல் பத்தி. 42-ஐ 14-ஆல வகுத்தா 3.00, 15-ஆல 2.80. அதே வேகத்துல ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுத்துற சுத்து) 6.7 சதவீதம் குறையும், சக்கரத்துக்குப் போற இழுவையும் அதே அளவு குறையும். தனி ஆளா ஓசூர் ரோட்டுல 60-ல போறவருக்கு நல்லா இருக்கும். பெட்டியோட மேடு ஏறினா டாப் கியர் தாங்காது, கீழ் கியர்ல கத்திக்கிட்டுப் போகும், கிளம்பும்போது கிளட்ச் தேயும். உங்களுக்கு வேண்டாம்.

செயின் ஆயுள் வேணும்னா 15/45 (முன்ன 15, பின்ன 45) பாருங்க. விகிதம் அதே 3.00, லிங்க் ஒவ்வொண்ணும் பெரிய வட்டத்துல மடங்குறதால தேய்மானம் குறையும். கூடுதல் நாலு பல்லுக்கு ரெண்டு லிங்க் அதிகம் வேணும், 118-க்கு 120. உங்க ஹப்புக்கு 45 கிடைக்குதா, முன் கவர்ல 15 உரசாம சுத்துதான்னு பார்த்துட்டு வாங்குங்க.

கரட்டுமேடு

அளந்தாச்சு: 258, 261, 260. செயின்ல போட்ட சாக்பீஸ் கோட்டோடதான் டைட் ஆகுது. 14/42 முழு செட்டே வாங்குறேன். முன் ஸ்ப்ராக்கெட் கவரைத் திறந்தா பின்னால கருப்பா ஈரம் இருக்கே, அது என்ன?

ஸ்பேனர் 1012

செயின்ல விட்ட எண்ணெயாவும் இருக்கலாம். நல்லா துடைச்சுட்டு 50 கி.மீ. ஓட்டிப் பாருங்க. ஷாஃப்ட்டைச் சுத்தி மட்டும் வளையமா ஈரம் வந்தா ஆயில் சீல் போச்சு. அளவு சீல் முகத்துலயே அச்சாகியிருக்கும். சில இன்ஜின்ல சீல் உள்ளிருந்து போட்டிருக்கும், அதை வெளியிலிருந்து நெம்பி எடுக்கக் கூடாது. வெளியிலிருந்து வர்ற சீல்னா, எவ்வளவு ஆழத்துல இருந்துச்சுன்னு முதல்ல அளந்துக்கிட்டு, புது சீலோட உதட்டுல (உள் விளிம்பு) இன்ஜின் ஆயில் தடவி, சீல் அகலத்துக்குச் சரியான சாக்கெட்டை வச்சு நேரா தட்டி இறக்குங்க. புது செட் மாட்டுறதுக்கு முன்னாடியே இந்த வேலையை முடிச்சிடுங்க, இல்லன்னா ரெண்டு தடவை கழட்டணும்.