ப்ராஸ்டேட் கேன்சர், க்ளீசன் 6, ஆபரேஷன் வேண்டாமாம். சும்மா விடலாமா?

கேள்வி:
அப்பாவுக்கு 68 வயது, ப்ராஸ்டேட் சுரப்பியில் கேன்சர். பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 7.1, பயாப்ஸியில் க்ளீசன் (கேன்சரின் தீவிரத்தைக் காட்டும் தரம்) 3+3=6. இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், கண்காணிப்போம் என்கிறார் டாக்டர். கேன்சர் என்று தெரிந்தும் எப்படிச் சும்மா இருப்பது?

பதில் 1:
சும்மா இருப்பதில்லைங்க. 3+3 பயாப்ஸியில் தரும் மிகக் குறைந்த தரம். பிரிட்டனில் 1,643 பேரிடம் நடந்த புரோடெக்ட் ஆய்வில் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு எதுவானாலும் 15 ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் பரவியது கூடுதல். பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் சிகிச்சைக்குப் போனார்கள். அதனால் செக்கப்பைத் தவறவிட்டால் இந்த முறைக்கே அர்த்தமில்லை. வழக்கமாக 6 மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, ஓராண்டு வாக்கில் மறுபடி பயாப்ஸி.

பதில் 2:
பிஎஸ்ஏவை எப்போதும் ஒரே லேபில் பாருங்கள். முந்தின 2 நாள் சைக்கிள், உடலுறவு வேண்டாம். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் 6 வாரம் பொறுக்கணும், இல்லாவிட்டால் எண் எகிறி வீண் பயம். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு சாப்பிடுகிறாரா? ஆறு மாதம் தாண்டினால் அது பிஎஸ்ஏவைப் பாதியாகக் காட்டும். டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி. டுடாஸ்டரைடு ஒரு வருஷமாகப் போகிறது! எம்ஆர்ஐயும் எடுக்கவில்லை.

பதில் 1:
அப்படியென்றால் உண்மையான பிஎஸ்ஏ 14 பக்கம். 10-ஐத் தாண்டினாலே ஆபத்து குறைவு என்ற கணக்கு மாறும். இதைச் சொல்லி, எம்ஆர்ஐ பற்றியும் கேளுங்கள். பயாப்ஸி ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும் என்பதால் 6 முதல் 8 வாரம் கழித்து எடுப்பார்கள்.